ஊட்டிக் குளிரில் வீட்டு ஈயும் டிரோசோபிலாவும்: என் செய்முறைத் தேர்வு அனுபவம்

பி.எஸ்சி. விலங்கியல் இறுதியாண்டில் எங்களுக்கு வந்த கேள்வி: வீட்டு ஈ, டிரோசோபிலா (கனிந்த பழத்தில் மொய்க்கும் சிறு ஈ) இரண்டின் வாழிடத்தையும் வாழ்க்கைச் சுழற்சியையும் ஒப்பிடுக. டிரோசோபிலாவை நாமே வளர்த்துக் காட்ட வேண்டும்.

முட்டை ஈயாக 10 நாள் என்று படித்திருந்தேன். ரவை, வெல்லம், அகார் (கூழை உறைய வைக்கும் பொருள்) காய்ச்சிப் பாட்டிலில் ஊற்றி, ஈஸ்ட் தூவி, தேர்வுக்கு 12 நாளுக்கு முன் ஈக்களை விட்டேன். பிப்ரவரி மாதம். பத்தாம் நாள் பார்த்தால் புழுதான் நெளிகிறது. "இது ஊட்டிம்மா, ஈக்கும் குளிரும்" என்றார் ஆய்வக உதவியாளர் அண்ணன். அந்த 10 நாள் 25 டிகிரிக்கான கணக்கு. 18 டிகிரி என்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும். தேர்வன்று தோழியின் ஈ பாட்டில்தான் கைகொடுத்தது. மலையில் படிப்பவர்கள் ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். அட்டைப்பெட்டிக்குள் 40 வாட் குண்டு பல்பும் தெர்மாமீட்டரும் வைத்து, 25-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே வாரம் எங்கள் கேரட் தோட்டத்து எருக்குவியலைக் கிளறிப் பார்த்தேன். வெளியே பனி, உள்ளே கை வைத்தால் வெதுவெதுவென்று ஆவி. அந்தச் சூட்டில் தலைப்பக்கம் கூம்பிய வெள்ளைப் புழுக்கள். குவியலின் காய்ந்த ஓரத்தில் கோதுமை மணி போலப் பழுப்பான கூட்டுப்புழுக்கள். சாணமும் குப்பையும் அழுகும்போது எழும் வெப்பமே வீட்டு ஈயின் புழுவுக்கு அடுப்பு. டிரோசோபிலா புழுவோ கனிந்து புளிக்கும் பழத்தில் ஈஸ்ட்டைத் தின்று வளர்கிறது; ஒரு வாழைப்பழத்துக்குள் அப்படிச் சூடு ஏது? வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இதைச் சொன்னதும் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மேலே கேட்டுக்கொண்டே போனார். எனக்குப் பயமே போய்விட்டது.

உருவ வேறுபாடுகளை ஒரே மூச்சில் எழுதிவிடலாம். வீட்டு ஈ 6–7 மில்லிமீட்டர், மார்பில் நான்கு கருங்கோடுகள், சிறகின் நான்காம் நரம்பு நுனியருகே சட்டென வளையும். டிரோசோபிலா 3 மில்லிமீட்டர், சிவப்புக் கண். ஆணின் முன்காலில் சீப்புப் பல் போலக் கரிய முள்வரிசை உண்டு, லென்ஸில் அதைத் தேடிப் பாருங்கள். குரோமோசோம் வீட்டு ஈக்கு 12, டிரோசோபிலாவுக்கு 8.

பெயரில் மட்டும் கவனம். டிரோசோபிலாவையும் 'பழ ஈ' என்பதுண்டு. ஆனால் தோட்டக்கலைக்காரர்கள் 'பழ ஈ' என்பது மா, கொய்யாக் காயைத் துளைத்து முட்டையிடும் பாக்ட்ரோசெரா. அது வேறு குடும்பம். விடைத்தாளில் 'டிரோசோபிலா' என்றே எழுதுங்கள்.