தனுஷ்கோடி ஸ்டேஷன், 87-ல் ஒரு பங்கு

பழைய தனுஷ்கோடி ரயில் ஸ்டேஷனை 87-ல் ஒரு பங்கு அளவில் மாடலாகச் செய்துகொண்டிருக்கிறேன். தண்டவாளம் ஒட்டியாகிவிட்டது. தனுஷ்கோடி மீட்டர் கேஜ் பாதை, அதாவது தண்டவாளங்களுக்கு இடையே 1000 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட பதினொன்றரை வரும். மாடல் ரயில்களில் சாதாரணமாகப் புழங்கும் 16.5 மி.மீ. தண்டவாளம் இதற்கு ரொம்ப அகலம். 12 மி.மீ. தண்டவாளத்தைத் தேடி ஆன்லைனில் வரவழைத்தேன். பீச்–தாம்பரம் மீட்டர் கேஜ் மின்சார ரயிலில் போய்வந்த கண்ணுக்கு அந்த ஒடுக்கம் உடனே பிடிபட்டது.

"நம்ம ராயபுரம் ஸ்டேஷனையே செய்யலாமேண்ணா, நடந்து போய் அளந்துட்டு வந்துடலாம்" என்றான் தம்பி. 1856-ல் திறந்த அந்தத் தூண் கட்டடத்தில் இன்றைக்கும் ரயில் நிற்கிறதே, அதற்கு நான் எதற்கு? தனுஷ்கோடி என்றாலே எல்லாரும் காட்டுவது இடிந்த சுவரைத்தான். எனக்கு வேண்டியது ரயில் வந்துபோன தனுஷ்கோடி.

1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும் இந்த ஸ்டேஷனுக்கு யோகம் அடித்தது. அதுவரை கொழும்புக் கப்பல் பிடிக்கத் தூத்துக்குடிக்குப் போனவர்கள், எழும்பூரில் போட் மெயில் ரயில் ஏறி இங்கே இறங்கினார்கள். 'இர்வின்', 'கோஷன்' என்ற நீராவிக் கப்பல்கள் இலங்கைக் கரையில் தலைமன்னாரில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து கொழும்புக்கு வேறு ரயில். அதனால் என் பலகையில் பிளாட்பாரத்தைவிடக் கப்பல்துறைக்கே அதிக இடம்.

சுவர்தான் கைக்கு வேலை வைத்தது. அந்த ஊர்க் கட்டடங்களில் பவளக்கல் நிறைய. கல் முழுக்கப் பொத்தல். தெர்மாகோல் மேல் பிரஷால் தின்னரைத் தொட்டுத் தொட்டு வைத்தால் அது கரைந்து குழி குழியாகிறது. (ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், நெடி மண்டையைப் பிளக்கும்.) காய்ந்ததும் சாம்பல் கலந்த வெள்ளை பெயின்ட் ஒரு கை. மணலுக்குக் காசிமேட்டு மணல் ஆகாது, இந்த அளவில் ஜல்லி மாதிரி தெரியும். கோலமாவைச் சலித்து, தண்ணீர் விட்ட ஃபெவிகால் மேல் தூவினேன். கச்சிதம்.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் பாம்பன்–தனுஷ்கோடி பாசஞ்சரை, உள்ளே இருந்தவர்களோடு கடல் கொண்டுபோனது. ரயில்வே இன்ஜினியர் ஸ்ரீதரன் தலைமையில் பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்தார்கள். தனுஷ்கோடிப் பாதையை மட்டும் திரும்பப் போடவில்லை. ராமேஸ்வரத்தோடு ரயில் நின்றுவிட்டது. புயலையும் செய்து வை என்கிறார்கள் சிலர். மாட்டேன்.

அடுத்தது கடல். ஒரு பக்கம் அமைதியான பெண் கடல், மறுபக்கம் சீறும் ஆண் கடல். பெண் கடலுக்கு ரெசின் ஊற்றினால் போதும். ஆண் கடலுக்குப் பஞ்சை ஃபெவிகாலில் தோய்த்து அலை எடுத்துப் பார்க்கிறேன். நுரை இன்னும் சரியாக வரவில்லை.