இருங்காட்டுக்கோட்டையில் ஒரு சீசன், கையைக் கடிக்காமல்

மாதச் சம்பளக்காரன் தேசிய கார் பந்தயத்தில் ஓட்ட முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். சென்னைக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை டிராக்கில், ரோட்டில் ஓடும் காரையே ரேஸுக்கு மாற்றி ஓட்டும் ஜூனியர் டூரிங் கார் பிரிவில் ஒரு சீசன் ஓட்டி முடித்த தெம்பில் சொல்கிறேன்: முடியும். ஆனால் பணம் கரைகிற இடம் வேறு.

கார் பெரிய செலவே இல்லை. நான் எடுத்தது மாருதி எஸ்டீம். 2007-இல் உற்பத்தி நின்றுபோன வண்டி. அதன் 1.3 லிட்டர் ஜி13 இன்ஜின் குடும்பம் ஜிப்சியிலும் முதல் ஸ்விஃப்டிலும் இருந்ததால் சாமானுக்குப் பஞ்சமில்லை. கியர்பாக்ஸ், சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட் எல்லாம் சென்னை புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளில் கிடைத்தன. மெக்கானிக் அண்ணன் கூடவே வந்தார். ஷாஃப்டின் ரப்பர் உறையை விலக்கி, உள்ளே இருக்கும் கிரீஸை விரலில் எடுத்து வெயிலில் தேய்த்துப் பார்ப்பார். இரும்புத்தூள் மினுமினுத்தால், "வேணாம் தம்பி, வச்சிட்டு வா." அவர் வேண்டாம் என்று வைத்தவைதான் எனக்குப் பெரிய மிச்சம்.

ரேஸ் லைசென்ஸ், மெடிக்கல் சர்டிஃபிகேட் வேலைகள் நேரம் எடுக்குமே தவிர பர்ஸைப் பதம் பார்க்காது.

சீட், பெல்ட், ஹெல்மெட், கார் உருண்டாலும் ஆளைக் காக்கும் இரும்புக் கூடான ரோல் கேஜ் இவற்றில் மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள். பழைய சீட் பாதி விலைக்கு வரும். வாங்கும் முன் லேபிளைப் படியுங்கள். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் 8855-1999 தர சீட்டுக்கு ஆயுள் தயாரித்ததிலிருந்து 5 வருடம்தான். பெல்ட்டுக்கும் காலாவதி வருடம் உண்டு. விலையை மிச்சமிருக்கும் வருடங்களால் வகுத்துப் பார்த்தேன், புதுசுதான் மலிவு. ரேஸுக்கு முன் காரைச் சோதிக்கும் ஸ்க்ரூட்டினியில் அந்த லேபிளைத்தான் பார்ப்பார்கள்.

சரி, பணம் எங்கே போகிறது? டயருக்கு, பிரேக் பேடுக்கு, பயிற்சி நாளுக்கு. எஸ்டீமில் இழுப்பது, திருப்புவது, பிரேக்கின் பெரும்பங்கு எல்லாமே முன்சக்கரங்களின் தலையில். பின்டயர் புதுசாகவே இருக்கும்போது முன்டயர் தேய்ந்து நிற்கும். நான் முன்னும் பின்னும் மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டினேன். பயிற்சியில் பழைய டயர், ரேஸில் யார் எந்த இடத்தில் கிளம்புவது என்று முடிவாகும் குவாலிஃபையிங்கில் மட்டும் நல்லது.

எல்லோருக்கும் ஒரே எம்.ஆர்.எஃப். டயர் என்பது நல்ல விதி. ஆனாலும் ஒவ்வொரு செஷனுக்கும் புது செட் போடுகிறவருக்கும் எனக்கும் இடைவெளி இருக்கத்தான் செய்யும். ஒரு ரவுண்டுக்கு எத்தனை செட், ரேஸுக்கு முன் எத்தனை நாள் பயிற்சி என்பதில் கறாராக இருந்தால்தான் சின்ன டீம் பிழைக்கும். இன்ஜினுக்கு மட்டும் கடிவாளம் போட்டால், பணம் இருக்கிறவர் அதை வேறு இடத்தில் கொட்டுவார். பிரிட்டனில் 90-களின் சூப்பர் டூரிங் பந்தயக் கார்கள் அப்படித்தான் விலை ஏறி ஏறி, 2000-இல் ஃபோர்டு, ஹோண்டா, வாக்ஸ்ஹால் என்று மூன்றே கம்பெனிகள் மிஞ்சின. அங்கேயே தாங்கவில்லை என்றால் நாம் எம்மாத்திரம்?

அடுத்த சீசனுக்கு இன்னொரு எஸ்டீம்காரரோடு சேர்கிறேன். ஸ்பேர் கியர்பாக்ஸ் ஒன்று, மெக்கானிக் ஒருவர், ஸ்ரீபெரும்புதூரில் ரூம் ஒன்று. முன்டயர் மட்டும் அவரவர் காசு.