சேத விபரத்துக்கு இரண்டு வரி

"அண்டைக்கு இடமில்லை எண்டு சொன்னனீங்கள் தம்பி. இதுக்குள்ள நாலு பக்கம் கிடந்திருக்கே."

கோபமாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அரசாங்கக் கந்தோர்க் கவுண்டரில் வந்து விழும் கோபத்துக்குப் பதில் சொல்லத்தான் எனக்குச் சம்பளம். அவர் சிரித்துக்கொண்டு கேட்டார். கையில் என் நாவல். பேத்தி வாசித்துக் காட்டிய இடத்தில் ஒரு பஸ் டிக்கெட்டைச் செருகி வைத்திருந்தார்.

"அது வேற கடதாசி, அண்ணை" என்றேன்.

நல்ல பதில் என்றுதான் அந்த நேரம் பட்டது. பக்கத்து மேசைக்காரரும் சிரித்தார். பின்னேரம் உவர்மலை ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போதுதான் அது உறுத்தத் தொடங்கியது. இன்றைக்கும் விடவில்லை.

2004 டிசம்பர் 26 சுனாமி கழிந்த கிழமைகளில் கந்தோரில் இருந்த எல்லோரையும் முகாம்களுக்கு அனுப்பி விபரம் எடுக்கச் சொன்னார்கள். எனக்குக் கிடைத்தது ஒரு வகுப்பறை. சின்னப் பிள்ளைகளின் மேசை, உட்கார்ந்தால் முழங்கால் முட்டும். படிவத்தில் பெயர், அடையாள அட்டை இலக்கம், கிராம சேவகர் பிரிவு, பிறகு 'சேத விபரம்' என்று இரண்டு வரி. அங்கேதான் இவர் என் முன்னால் வந்து உட்கார்ந்தார். அவருடைய அடையாள அட்டை கடலோடு போயிருந்தது. 'வள்ளம் 1, கரைவலை 1, முற்றாக அழிவு' என்று எழுதி முடித்தேன். அவர் எழும்பவில்லை.

மாரிகாலம் என்பதால் தொழில் இல்லை. வள்ளத்தைக் கரையேற்றிக் கிடுகால் மூடி வைத்திருந்தாராம். முதல் அலை அதைத் தூக்கிப் போனது. அலை திரும்பக் கடல் வற்றி உள்ளே போனது, இவர் வள்ளத்தைத் தேடிப் பின்னாலேயே இறங்கியிருக்கிறார். ஒருநாளும் வெயில் படாத கல்லெல்லாம் வெளியே கிடந்ததாம். இரண்டு கல்லுக்கு நடுவில் அவருடைய அப்பாவின் நங்கூரம். இவர் பொடியனாக இருந்த காலத்தில் கயிறு அறுந்து போனது. அதன் நாலு கொழுக்கியில் ஒன்று உள்ளே வளைந்திருக்கும், அந்த வளைவுதான் அடையாளம்.

"குனிஞ்சனான் தம்பி. அதையும் எழுதுங்கோ."

"அதுக்கு இதில இடமில்லை அண்ணை" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

உண்மையிலேயே இடமில்லை. வரிசை வாசலைத் தாண்டி மாமரத்தடி வரைக்கும் போயிருந்தது. அந்த இரண்டு வரிக்குள் நங்கூரத்தையும் தகப்பனையும் நுழைத்திருந்தால் மேலே இருப்பவர், 'இது எத்தனை? பெறுமதி என்ன?' என்று சிவப்பு மையால் கேட்டு அனுப்பியிருப்பார். அந்த ஃபைல் ஒரு மாதம் தூங்கியிருக்கும். கடதாசியை வறட்சியாக வைத்திருப்பதும் ஒரு வகை இரக்கந்தான். எழுதுவினைஞர் வேலை எனக்குச் சொல்லித்தந்தது இதைத்தான். கவுண்டரில் இன்னொன்றும் படித்தேன்: பொய் சொல்ல வருகிறவன் ஒரு பிரதி கூடக் குறையாமல் கொண்டுவருவான். உண்மை சொல்ல வருகிறவர் எதையாவது வீட்டில் மறந்துவிட்டு வருவார், அதற்குப் பதிலாக ஒரு கதை கொண்டுவருவார்.

அந்தக் கதைகள்தான் நான் நாவலாசிரியன் ஆன கதை. வாசகர் பஞ்சம் உள்ள தொழில்தான். வெளியீட்டு விழாவுக்கு வருகிறவர்கள் என்வலப்பில் காசைத் தந்து, புத்தகத்தை வாங்கி, ஒரு படத்துக்கு நிற்பார்கள். அதோடு அதன் ஆயுள் சரி. இந்தத் திருகோணமலையில் அச்சடித்த காகிதத்தை ஆசையாக உட்கொள்ளுகிறவை ரோட்டில் திரியும் மான்கள் மட்டுந்தான் என்று நண்பர்களிடம் சொல்லுவேன். அந்தத் துணிச்சலில்தான் அவரையும் எழுதினேன். பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன், மூக்கைக் கூட மாற்றினேன். முதல் பக்கத்தில் 'யாவும் கற்பனை' என்றும் போட்டேன். வளைந்த கொழுக்கியை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. அதை மாற்றிவிட்டு அந்த நாவலை எழுதி என்ன பிரயோசனம்?

எங்கள் ஊரின் மூத்த நாவல்காரர் இரண்டு பேரும் இந்த விஷயத்தில் விவரமானவர்கள். 1891இல் 'ஊசோன் பாலந்தை கதை' எழுதிய இன்னாசித்தம்பி ஐரோப்பியக் கதையொன்றைக் கையில் எடுத்தார். 1895இல் 'மோகனாங்கி' எழுதிய சரவணமுத்துப்பிள்ளை நாயக்கர் காலத்துக்குப் போய்விட்டார். எந்த நாயக்கரும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு திருகோணமலைக்கு வந்து நியாயம் கேட்டிருக்க மாட்டார்.

எனக்கு வந்தது. ஆனால் வந்த நியாயம் நான் நினைத்தது அல்ல. என்னைக் கேளாமல் ஏன் எழுதினாய் என்று அவர் கேட்கவேயில்லை.

"நீங்கள் எழுதினமாதிரி நான் அதை எடுக்கேல்லை தம்பி. தொட்டுப் பாத்தன். திரும்பிக் கரைக்கு ஓடியிட்டன். தூக்கியிருந்தால் இண்டைக்கு உங்கட கவுண்டரில நிக்க மாட்டன்."

நாவலில் அவர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு கரைக்கு வருகிறார். வாசித்த இரண்டொரு பேர் புகழ்ந்த இடமும் அதுதான். குனிந்ததற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியாதே! தெரிந்துகொள்ள விடாமல் அடுத்த ஆளைக் கூப்பிட்டவன் யார் என்று கேட்டால், நான்தான். அதே சமயம், அன்றைக்கு அவர் முழுக்கச் சொல்லி முடித்திருந்தால் இத்தனை வருஷம் அந்த நங்கூரம் என் தலைக்குள் கிடந்திருக்குமா? எழுதுகிறவனிடம் முழுக்கதையையும் சொல்லிவிட்டால் அவன் தேத்தண்ணி குடித்துவிட்டு மறந்துபோவான். பாதியில் எழும்பிப் போகிறவர்தான் அவனை எழுத வைக்கிறார். இப்படி ஒரு விளக்கம் என்னிடம் இருக்கிறது. இரவில் யோசித்தால் சரியாகத் தெரிகிறது, காலையில் கவுண்டரைத் திறக்கும்போது அவ்வளவு நம்பிக்கை வருவதில்லை.

"அது பரவாயில்லை" என்று அவரே தொடர்ந்தார். "பிரச்சினை பேத்திதான். நங்கூரம் எங்க எண்டு வீடெல்லாம் தேடுறாள். நான் எடுக்கேல்லை எண்டால், புத்தகத்தில கிடக்கு அப்பப்பா எண்டுறாள். ஒரு கடிதம் தாங்கோ, நான் எடுக்கேல்லை எண்டு. சீல் குத்தி."

பகிடிக்குக் கேட்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன், பிடிபடவில்லை. அரச முத்திரையை நாவலுக்குக் குத்த முடியாது என்று விளக்கினேன். சொல்லும்போதே எனக்கு மறுபடியும் 'இடமில்லை' சொல்வதுபோல இருந்தது. புத்தகத்தை வாங்கி, பஸ் டிக்கெட் இருந்த பக்கத்தின் ஓரத்தில் பேனாவால் எழுதினேன்: 'நங்கூரம் எடுக்கப்படவில்லை. தொட்டுப் பார்க்கப்பட்டது மட்டுமே.' கையெழுத்தும் திகதியும் போட்டேன். தன்பாட்டில் கந்தோர்த் தமிழாகத்தான் வந்தது. அவர் அதைத் தூரப் பிடித்து, எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"இதை அவள் நம்புவாளோ தெரியாது. அச்சில கிடக்கிறதுதான் பெரிசு அவளுக்கு."

பிறகுதான் வந்த அலுவலுக்கான விண்ணப்பத்தை எடுத்து நீட்டினார். அதன் அடியில் 'வேறு விபரங்கள்' என்று ஒரு பெட்டி, இந்த முறை தாராளமான இடம். நான் பேனாவை மூடாமல் கேட்டேன்:

"இதில எழுத வேற ஏதும் இருக்கோ அண்ணை?"

"இருக்கு. உங்களிட்டச் சொல்ல மாட்டன்."

பெட்டிக்குள் 'இல்லை' என்று எழுதி ஒப்பம் வாங்கி அனுப்பினேன். அவர் சொல்லாமல் விட்டது என்னவாக இருக்கும் என்று யோசித்து, இதுவரைக்கும் முப்பது பக்கம் எழுதியாகிவிட்டது.