நாலு நட்டு, ரெண்டு போல்ட்டு

என் பழைய காரின் ஸ்டீயரிங்கில் ப்ளே, அதாவது சக்கரம் அசையாமல் வீல் மட்டும் சும்மா ஆடும் தளர்வு, நாலு விரல் அகலத்துக்கு வந்துவிட்டது. வளைவு வருவதற்கு முன்பே மனு கொடுத்துவைத்தால்தான் சக்கரம் திரும்பும். "மெக்கானிக்கிட்ட விட்டுடுங்களேன்" என்றாள் மனைவி. "நாலு நட்டு, ரெண்டு போல்ட்டு. ஞாயித்துக்கிழமை மதியத்துக்குள்ள முடிச்சிடறேன்" என்றேன். எந்த ஞாயிறு என்று நான் சொல்லவில்லை.

முதலில் டை ராட் எண்ட், ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ராடின் முனை. டேப்பரில் (கூம்பிய துளையில்) கவ்விக்கொண்டிருக்கும் அதன் பால் ஜாயின்ட்டை, அதாவது உருண்டை மூட்டை, அடியிலிருந்து அடித்தால் மரை நசுங்கும்; அதைப் பிடித்திருக்கும் இரும்புக் கண்ணின் பக்கவாட்டில் சுத்தியலால் ஓங்கி ஒன்று வைத்தால் 'டொக்'கென்று இறங்கிவிடும். இது எனக்குத் தெரியும். அந்தத் திமிரோடுதான் ராடின் இரு முனையையும் பூட்டியிருக்கும் லாக் நட்டுகளுக்குப் போனேன்.

ஒரு முனை சமர்த்தாகக் கழன்றது. மறுமுனை அசையவில்லை. துரு எண்ணெய் அடித்தேன். ஸ்பானரில் குழாயைச் சொருகி அதன்மேல் ஏறியே நின்றேன். அரை நாள் போனபிறகுதான் உறைத்தது, அது இடது மரை, எதிர்ப்பக்கம் திருகினால்தான் கழலும். இரண்டு முனையிலும் எதிரெதிர் மரை இருந்தால்தான், எதையும் கழற்றாமல் நடுவில் ராடை மட்டும் திருகி டோ-இன் (முன்சக்கரங்கள் லேசாக உள்நோக்கி நிற்கும் அளவு) வைக்க முடியும். நல்ல யோசனைதான். நான்தான் அரை நாளாக அதை இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்புறம் ஸ்டீயரிங் வீல். நட்டை முழுசாக எடுக்காமல் நாலைந்து மரை விட்டுவைத்து இழுக்க வேண்டும் என்பார்கள். நான் முழுசாக எடுத்துவிட்டு இழுத்தேன். வந்தது, நேராக மூக்குக்கு.

ஸ்டீயரிங் பெட்டியை மேஜையில் வைத்துப் பிரித்தேன். உள்ளே திருகுத் தண்டுக்கும் அதன்மேல் ஓடும் நட்டுக்கும் நடுவே பால்ரஸ் குண்டுகள் வரிசையாக உருண்டு, ஒரு குழாய் வழியாகத் திரும்பி வந்து, மறுபடி உருளும். தண்டைக் கொஞ்சம் அதிகமாகத் திருப்பிவிட்டேன். அவ்வளவுதான், மேஜை, தரை, செருப்பு எல்லா இடத்திலும் குண்டு. புத்தகத்தில் 28 என்று போட்டிருந்தது. என்னிடம் 27. டார்ச் அடித்தபடி தவழ்ந்தேன். மனைவி வந்து துடைப்பத்தால் கூட்டிப் பார்த்தாள். கிடைத்தது ஒரு கம்மல் திருகாணி, போன வருஷம் தொலைந்தது. குண்டு இல்லை. சாமான் தொலையக்கூடாதென்று வாங்கிவைத்த காந்தத் தட்டைக் கழுவ எடுத்தபோது, அதன் அடியில் ஒட்டிக்கொண்டு பளபளத்தது.

கிரீஸ் தடவி ஒவ்வொரு குண்டாக ஒட்டவைத்து, பெட்டியை மூடினேன். உள்ளே பற்களின் இடைவெளியைக் குறைக்கும் அட்ஜஸ்டிங் ஸ்குரூவை வீல் நேராக இருக்கும் நிலையில்தான் வைக்க வேண்டும். திருப்பி வைத்து இறுக்கினால் நேரே வரும்போது கவ்வும். இதை மட்டும் முதல் தடவையே சரியாகச் செய்தேன், யாரும் பார்க்கவில்லை.

ப்ளே இப்போது ஒரு விரல் அகலம்கூட இல்லை. அலைன்மென்ட்டும் பார்த்தாகிவிட்டது. வண்டி நூல் பிடித்த மாதிரி நேராகப் போகிறது. ஸ்டீயரிங் வீல்தான் லேசாகச் சாய்ந்து நிற்கிறது. "நீங்கதான் கோணலா உட்கார்ந்திருக்கீங்களோ?" என்றாள் மனைவி. இல்லை, வீலைத் தண்டின் பற்களில் ஒரு பல் தள்ளிப் பூட்டியிருக்கிறேன். சரிசெய்ய வீலை மறுபடி இழுக்க வேண்டும். முதலில் மூக்கு ஆறட்டும்.