பாறுக்குப் பந்தி வைக்கும் முன்

நீலகிரி அடிவாரத்துச் சீகூர்ப் பீடபூமியும் மாயாற்றுப் பள்ளத்தாக்கும் மழைமறைவுப் பக்கத்து வறண்ட காடு. எங்கும் முட்புதர், ஆற்றோரத்தில் மட்டும் நீர்மருது ஓங்கி நிற்கும். வெண்முதுகுப் பாறு கூடு வைப்பது அந்த மருதில்தான். பிணந்தின்னிக் கழுகு என்று ஊரில் சொல்வார்கள். பாறு என்பதே பழைய பெயர், கேட்கவும் கௌரவமாக இருக்கிறது. தமிழகம், கேரளம், கர்நாடகம் மூன்றும் சேர்ந்து எடுத்த கணக்கில், எல்லா வகைப் பாறும் சேர்த்து, 2023 பிப்ரவரியில் 246, டிசம்பரில் 320. மூன்று மாநிலமும் ஒரே நாளில் எண்ண வேண்டும். இல்லாவிட்டால் காலையில் முதுமலையில் பார்த்த பறவையே மதியம் பந்திப்பூர்க் கணக்கிலும் ஏறிவிடும்.

மரத்தைக் காப்பது சுலபம். சிக்கல் எல்லாம் மருந்துக்கடையில்.

டைக்ளோஃபினாக் என்னும் வலி ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் செத்து, அதைப் பாறு தின்றால் சிறுநீரகம் போய்விடும். அறுத்துப் பார்த்தால் ஈரல்மேல் சுண்ணாம்பு அடித்ததுபோல யூரிக் அமிலம் படிந்திருக்கும். ஒரு மாட்டைச் சுற்றிக் கூட்டமே இறங்குவதால், நூறு சடலத்தில் ஒன்றுக்கும் குறைவாக இந்த மருந்து இருந்தாலே இனம் சரியும். கால்நடைக்கு 2006-லேயே தடை. ஆனால் மனிதருக்கான 30 மில்லி குப்பி தொழுவத்துக்குள் நுழைந்தது. அதனால் 2015-ல் அதையும் 3 மில்லியாகச் சுருக்கினார்கள். கணக்குப் போட்டால் காரணம் புரியும்: கிலோவுக்கு 1 மி.கி. வீதம் 300 கிலோ மாட்டுக்கு 300 மி.கி. வேண்டும். 3 மில்லியில் இருப்பது 75. நாலு ஆம்பியூல் உடைக்க யாருக்குப் பொறுமை?

தடைக்குப் பிறகும் விற்கிறார்களா என்று பார்க்கப் போய், கடையில் ‘டைக்ளோ இருக்கா?’ என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். ‘மாட்டுக்கு வலி ஊசி குடுங்க’ என்று கேட்டு வாங்கி, பிராண்டை விட்டுவிட்டு அடியில் பொடி எழுத்தில் உள்ள மருந்தின் பெயரைப் படிக்க வேண்டும். அசிக்ளோஃபினாக் என்ற வலி மருந்து மாட்டின் உடம்புக்குள் போய் டைக்ளோஃபினாக்காகவே மாறும். அதுவும் கீட்டோபுரோஃபெனும் 2023-லும், நிமசுலைடு 2024 டிசம்பரிலும் கால்நடைக்குத் தடையாயின. வலி மருந்துகளில் மெலாக்சிகம், டோல்ஃபெனாமிக் அமிலம் இரண்டும் பாறுக்குப் பாதகமில்லை. மெலாக்சிகம் போட்டும் வலி கேட்கவில்லை என்று யாராவது சொன்னால் அளவை விசாரியுங்கள். கிலோவுக்கு அரை மி.கி. என்றால் அதே மாட்டுக்கு 150 மி.கி.; மில்லிக்கு 5 மி.கி. உள்ள குப்பியில் அது 30 மில்லி. பத்து மில்லியோடு நிறுத்தினால் எப்படிக் கேட்கும்?

மாடு செத்தால் முதல் கேள்வி, கடைசி ஒரு வாரத்தில் என்ன ஊசி போட்டீர்கள் என்பது. பதில் தெளிவாக இல்லையென்றால் ஆழக் குழி வெட்டிப் புதைத்துவிட வேண்டும். மருந்து போடவில்லை என்று உறுதியானால் வெட்டவெளிக்கு இழுத்துப் போடலாம். உண்ணிச்செடி (லாண்டானா) புதருக்குள் கிடக்கும் சடலம் மேலிருந்து தெரியாது. தெரிந்து இறங்கினாலும், வயிறு நிறைந்த பாறு கொஞ்ச தூரம் ஓடித்தான் மேலெழும். அதற்கு இடம் வேண்டும்.

உண்ணிச்செடியைத் தரைக்கு மேல் வெட்டினால் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். தீ வைத்தாலும் அதே கதை. மண்ணுக்குள் இரண்டு விரல்கடை இறங்கி, தண்டும் வேரும் கூடும் முடிச்சுக்குக் கீழே வெட்டி, செடியை வேர் மேலே பார்க்கக் கவிழ்த்துப் போட வேண்டும். காய் பழுக்குமுன் முடிப்பது முக்கியம். பழம் தின்ற பறவைகள் உட்காரும் மரத்தடியில் நாற்று முளைத்துக்கொண்டே இருக்கும். அடுத்தடுத்த மழைக்குப் பிறகும் பிடுங்க வேண்டும்.

புலி அடித்த மாடு தனி விவகாரம். இழப்பீடு தாமதமானால் ஆத்திரத்தில் யாராவது குருணைப் பூச்சிமருந்தைச் சடலத்தில் தூவிவிடுவார்கள். புலியோடு பாறும் போகும். கிட்டே போனதும் ஈயைப் பாருங்கள். சடலத்தைச் சுற்றி ஈ செத்துக் கிடந்தால் கை வைக்காதீர்கள். வனத்துறை வந்து மாதிரி எடுக்கும்வரை பறவை இறங்காமல் காவல் இருங்கள்.