கிளப்பில் ஆடி முட்டி போச்சா? கேஷுவாலிட்டி சீட்டைப் படிக்காமல் வெளியே வராதீர்கள்

ஒரு வழியாகக் கிளைம் பணம் அக்கவுண்டில் விழுந்துவிட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், பெங்களூரில் சனி ராத்திரி ஆடப் போகிற நம்மாட்கள் யாருக்காவது உதவும்.

கோரமங்களாவில் ஒரு கிளப். குதித்து இறங்கிய வேகத்தில் திரும்பினேன், தரையில் யாரோ சிந்திய கூல்டிரிங் பிசுபிசுப்பில் ஷூ ஒட்டிக்கொண்டது, உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. முட்டிக்குள் 'டப்'. வீட்டுக்குப் போவதற்குள் முட்டி பந்தாக வீங்கிவிட்டது.

கேஷுவாலிட்டியில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு முறியவில்லை, சுளுக்குதான் என்று கிரேப் பேண்டேஜ் சுற்றி அனுப்பிவிட்டார்கள். எக்ஸ்ரேயில் தசைநார் தெரியாது! 'டப்' என்று கேட்டு சில மணி நேரத்திலேயே வீங்கினால் ஏசிஎல் (முட்டிக்குள் இருக்கும் ஒரு முக்கியத் தசைநார்) கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம், அப்போதே ஆர்த்தோவை, அதாவது எலும்பு மூட்டு டாக்டரைப் பாருங்கள். எனக்கு வீக்கம் வடிந்த பிறகும் படி இறங்கும்போதெல்லாம் முட்டி நழுவியது. கடைசியில் போய்ப் பார்த்த ஆர்த்தோ காலை இரண்டு இழு இழுத்துப் பார்த்தே சொல்லிவிட்டார், எம்ஆர்ஐயும் அதையே சொன்னது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

ஆனால் கேஷ்லெஸ், அதாவது இன்சூரன்ஸ் கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகப் பணம் கட்டுவது, ரிஜெக்ட். ஏன் தெரியுமா? அன்றைக்கு டியூட்டி டாக்டர் கேஷுவாலிட்டி சீட்டில் 'பப்பில் விழுந்தார், மது அருந்தியுள்ளார்' என்று எழுதி வைத்திருக்கிறார். நான் குடித்தது லைம் சோடா. ஊதச் சொல்லவில்லை, ரத்தமும் எடுக்கவில்லை. இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருந்தவர் "பப்புன்னு போட்டிருக்கே சார், அப்புறம் என்ன?" என்கிறார். என்னத்தைச் சொல்ல!

ரெக்கார்ட்ஸ் செக்‌ஷனில் கேட்டால், எழுதினதைத் திருத்த முடியாது, அந்த டாக்டரும் இப்போது இங்கே இல்லை என்று அலையவிட்டார்கள். திருத்தச் சொல்லிக் கேட்டு எனக்கு நடக்கவில்லை. 'மதுப் பரிசோதனை எதுவும் செய்யப்படவில்லை' என்று மெடிக்கல் சூப்பரின்டென்டென்டிடம் தனியாக ஒரு கடிதம் கேளுங்கள், எனக்கு அதைத் தந்தார்கள். அதோடு போனில் கிடந்த லைம் சோடா பில்லையும் சேர்த்து (ஜிஎஸ்டியோடு அது இவ்வளவு பெரிய சாட்சியாகும் என்று யார் கண்டது) இன்சூரன்ஸ் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு மெயில் போட்டேன். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேனிடம் (கம்பெனிக்கு வெளியே புகாரை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) போகலாம், கட்டணம் கிடையாது. மெயிலில் 'ஓம்புட்ஸ்மேன்' என்ற வார்த்தையைப் போட்ட பிறகுதான் அசைந்தார்கள்.

இப்போது பிசியோ. தொடை இளைத்துவிட்டது, 9 மாதமாவது ஆகாமல் குதிப்பது, திரும்புவது எதுவும் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆடப் போகிறவர்கள் ரன்னிங் ஷூவைத் தவிர்த்துவிடுங்கள், அதன் பிடிப்பு நேராக ஓடுவதற்குத்தான், நின்ற இடத்தில் சுழல்வதற்கு அல்ல. பாதத்தை ஊன்றிவைத்துத் திரும்பாமல் காலைத் தூக்கி வைத்துத் திரும்புங்கள். களைத்த பிறகு குதிக்க வேண்டாம், இறங்கும்போது முட்டி உள்பக்கமாக மடங்கும்.

இன்னொன்று, டிஸ்சார்ஜ் சம்மரியில் பழைய சீட்டின் வரியை அப்படியே காப்பி பண்ணுகிறார்கள். கையெழுத்து போடும் முன் அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.