எவ்வளவு சம்பளம் கேட்பது?

வேறு ஊரில் வேலை. நேர்காணல் முடிகிற சமயத்தில், "எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். வாய்க்கு வந்த தொகையைச் சொல்லியிருப்பேன். நல்லவேளை, இரண்டு நாள் அவகாசம் கேட்டேன்.

முதலில் இணையத்தில், ஊருக்கு ஊர் வாழ்க்கைச் செலவை ஒப்பிடும் குறியீடுகளைப் பார்த்தேன். நம்பியோ (Numbeo) என்ற தளம் நியூயார்க்கின் செலவை 100 என்று வைத்துக்கொண்டு மற்ற நகரங்களை ஒப்பிடுகிறது. இரண்டு ஊருக்கும் வித்தியாசம் அவ்வளவாக இல்லையே என்று நிம்மதியாக இருந்தேன். அந்தக் குறியீட்டில் வாடகை சேராது, அதற்குத் தனிக் குறியீடு இருக்கிறது என்பது மறுநாள்தான் கண்ணில் பட்டது. நிம்மதி போயிற்று.

சரி, நம் செலவே நமக்கு ஆதாரம் என்று 12 மாத வங்கிக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 'சாதாரண மாதம்' என்று ஒன்றைத் தேடினேன், கிடைக்கவில்லை. ஒரு மாதம் பல் வைத்தியம், ஒரு மாதம் காப்பீட்டு பிரீமியம், ஒரு மாதம் கைதவறி விழுந்த போனுக்குப் புதுத் திரை. ஒவ்வொன்றையும் அந்தந்தச் சமயத்தில் 'இந்த மாதம் மட்டும்' என்றுதான் நினைத்திருப்பேன். எல்லாவற்றையும் கூட்டி 12-ஆல் வகுத்தால், மாத மளிகைச் செலவைத் தாண்டி நின்றது! அதையும் மாதச் செலவாகவே எழுதிக்கொண்டேன்.

வாடகைக்கு, அந்த ஊரில் இருக்கும் நண்பனைக் கூப்பிட்டேன். "வாடகையைக் கேட்கிறாயே, காலையில் எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பத் தயார்?" என்றான். நியாயமான கேள்வி. குறைந்த வாடகை வீட்டிலிருந்து அலுவலகம் போய்வர மூன்று மணி நேரம். அலுவலகத்துக்குப் பக்கத்து வீட்டு வாடகையையே கணக்கில் வைத்தேன்.

'சௌகரியம்' என்பதற்கு எனக்கு ஒரே அர்த்தம்தான்: மாதக் கடைசியில் மருந்துச் சீட்டை நீட்டும்போது மனசுக்குள் கணக்குப் போடாமல் இருக்க வேண்டும். அதற்காகச் சேமிப்பையும், மிச்சம் இருந்தால் பார்க்கலாம் என்று விடாமல், வாடகை மாதிரி ஒரு செலவாகவே சேர்த்தேன்.

கடைசியில் வரியில் சறுக்கப் பார்த்தேன். கைக்கு 100 வேண்டும், பிடித்தம் 20 சதவீதம், ஆகவே 120 கேட்டால் போதும் என்று எழுதிவிட்டேன். 120-இல் 20 சதவீதம் போனால் மிஞ்சுவது 96. கேட்க வேண்டியது 125. அதாவது 100-ஐ 0.8-ஆல் வகுக்க வேண்டும். இந்தத் தவறோடு போயிருந்தால் மாதாமாதம் நாலு சதவீதம் துண்டு விழுந்திருக்கும்.

வந்த தொகையைச் சொல்லவே கூச்சமாக இருந்தது. சொன்னேன். கொஞ்சம் குறைத்தார்கள். குறைத்த பிறகும் என் கணக்குக்குள்தான் இருந்தது, ஒப்புக்கொண்டேன்.

குடிபோன முதல் வாரமே திரைச்சீலை, வாளி, துடைப்பம், பல்பு என்று ஒரு பெரிய பில். அந்தச் செலவு என் கணக்கில் எங்குமே இல்லை.